மருந்துக் கிடங்கு வெடித்த திருச்சி, தெருவில் நின்ற பிள்ளைகள்... யார் இந்த சுவார்ட்ஸ்?

ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த பள்ளியின் பெயர் நினைவிருக்கிறதா? சுவார்ட்ஸ் பள்ளி. அங்கே படிப்பை முடித்த கலாம், அடுத்து சேர்ந்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. அந்தக் கல்லூரி வாசலிலிருந்து தெப்பக்குளம் பக்கம் நடந்தால், பள்ளியின் பெயருக்குச் சொந்தக்காரர் கட்டிய தேவாலயமே வந்துவிடும். கிறைஸ்ட் சர்ச். வயது 250-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது வானத்தைத் தொடுகிற லூர்து மாதா கோயில் கோபுரத்தைத்தான். அது கத்தோலிக்கக் கோயில், கட்டியதும் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான். சுவார்ட்ஸின் கோயில் உயரத்தில் போட்டி போடாமல் ஓரமாக நிற்கிறது.

சரி, ராமநாதபுரத்துப் பள்ளிக்கும் திருச்சிக் கோயிலுக்கும் பெயர் தொடர்பு உள்ள இந்த ஜெர்மன்காரர் யார்? மதம் பரப்ப வந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராகப் போனவர், தஞ்சாவூர் இளவரசனுக்குக் காப்பாளராக நின்றவர். மூன்றும் ஒரே ஆள்தான். இந்த மூன்றையும் இணைப்பது என்னவென்று தேடினால், திரும்பத் திரும்பப் பிள்ளைகளிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அநாதை இல்லத்து ஊரிலிருந்து

கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் பிறந்தது 1726 அக்டோபரில், பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில். இப்போது அந்த ஊர் போலந்துக்குள் இருக்கிறது. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். 20 வயதில் ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போனார்.

இந்த ஹாலேவைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பின்னால் திருச்சியில் நடந்தது புரியும். அங்கே பிராங்கே என்ற போதகர் 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் அநாதை இல்லத்தைத் தொடங்கியிருந்தார். அது வளர்ந்து பள்ளிகள், அச்சகம், மருந்துக்கடை என்று ஒரு குட்டி நகரமாகவே ஆகியிருந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் இந்த ஹாலே வட்டாரத்தில் உருவானவர். வேதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அதற்கு எழுத்து தெரிய வேண்டும், அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பதுதான் அவர்களின் கணக்கு. அதனால் எங்கே போனாலும் கோயிலோடு பள்ளியும் சேர்ந்தே வரும்.

தமிழ்நாட்டில் வேலை பார்த்துவிட்டு ஹாலேவுக்குத் திரும்பியிருந்த ஷூல்ட்ஸே என்பவரிடம் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அதாவது கப்பல் ஏறுவதற்கு முன்னாடியே அ, ஆ தெரியும். 1750 ஜூலையில் வந்து சேர்ந்தவர், நான்கே மாதத்தில் தரங்கம்பாடி எருசலேம் கோயிலில் தமிழில் பிரசங்கம் செய்தார். அடுத்த 12 வருஷம் அந்த டேனிஷ் ஊர்தான் அவருக்கு வீடு.

போர் ஓயாத ஊர்

அப்போதைய திருச்சி எப்படி இருந்தது என்றால், ஒரு நிரந்தரப் போர்முனை மாதிரி. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோத, ஒருவர் பின்னால் இங்கிலீஷ்காரர்கள், இன்னொருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். மலைக்கோட்டை ஒரு தரப்பின் கையில். காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம் தீவு மறு தரப்பின் பாசறை. கோயில் மதில்களே ராணுவத்துக்கு அரணாக இருந்தன. 1752-ல் அந்தத் தீவில்தான் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் கதையும் அதோடு முடிந்தது. அதன் பிறகும் மைசூர் படை, மறுபடி பிரெஞ்சுப் படை என்று தொடர்ந்தது. (இன்று செல்ஃபி எடுக்கிற 236 அடி ராஜகோபுரம் அப்போது முடிக்கப்படாமல் அடிப்பகுதியோடு நின்றது; அது முழுமையடைந்தது 1987-ல்தான்.)

சண்டை என்றால் வரலாற்றுப் புத்தகம் தளபதிகள் பெயரைச் சொல்லும். சிப்பாய்களின் குடும்பங்களைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லாது. வெள்ளைக்காரச் சிப்பாய், தமிழ்ச் சிப்பாய், கலப்புக் குடும்பங்கள் என்று கோட்டையைச் சுற்றி ஒரு பெரிய ஜனத்தொகை இருந்தது. அப்பன் சண்டையில் போய்விட்டால் பிள்ளைக்குப் போக்கிடம் கிடையாது.

1762-ல் சுவார்ட்ஸ் இந்த ஊருக்கு நடந்தே வந்தார். அடுத்த வருஷம் வாக்கில் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. நிறையப் பேர் இறந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். சுவார்ட்ஸ் அவர்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளி தொடங்கினார். ஹாலேவில் பார்த்ததைத் திருச்சியில் செய்தார், அவ்வளவுதான். கோட்டைத் தளபதி மேஜர் பிரெஸ்டன் ஆதரவு கொடுத்தார், சிப்பாய்களும் அதிகாரிகளும் பணம் போட்டார்கள். இதிலுள்ள முரணைக் கவனிக்காமல் போக முடியாது: பிள்ளைகளை அநாதையாக்கிய மருந்து எந்தப் படையுடையதோ, பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையும் அந்தப் படையிலிருந்தே வந்தது.

1764-ல் யூசுப் கான் என்கிற மருதநாயகத்துக்கு எதிரான மதுரை முற்றுகையில் பிரெஸ்டன் காயம்பட்டு இறந்தார். சுவார்ட்ஸ் அந்தப் பாசறைக்கே போய், அடிபட்டவர்களோடு இருந்தார். அந்தச் சேவைக்காக நவாப் கொடுத்த பணமும் திருச்சிப் பள்ளிக்கே போனது. 1766 மே 18 அன்று கிறைஸ்ட் சர்ச் திறக்கப்பட்டது. இன்றைய செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளியும், பிஷப் ஹீபர் பள்ளியும் தங்கள் தொடக்கத்தை இந்த 1760-களின் பள்ளியில்தான் வைக்கின்றன.

ஒரு கட்டில் அளவு அறை

திருச்சியில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் அறை. ஒரு கட்டில் போட்டு ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். உள்ளூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உள்ளூர் துணியில் கறுப்புச் சாயம் ஏற்றித் தைத்த உடை. மொத்த வருமானமே ஆண்டுக்கு 48 பவுண்டுதான். 1768-ல் கம்பெனி அவரைப் படைக்குப் போதகராக்கி ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் கொடுத்தபோது, அதில் பாதியை மிஷன் வேலைக்கு விட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

வேலை முறையும் எளிமையானதுதான். காலையில் உபதேசியார்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் உதவியாளர்களைக் கூட்டிவைத்துப் பேசி, யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்துக்கொள்வார்கள். அவர் ஒரு பக்கம் நடப்பார். மர நிழலில், சத்திரத்தில், ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேச்சு. சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கேள்வி-பதில் முறையில் வேதபாடம். படைவீரர்களுக்கு ஆங்கிலம், உள்ளூர்க்காரர்களுக்குத் தமிழ், கலப்புக் குடும்பங்களுக்குப் போர்ச்சுகீசியம். நவாப் அரண்மனைக்காரர்களோடு பேசுவதற்காகப் பாரசீகம், பிறகு தஞ்சாவூர் அரசவைக்காக மராத்தி. இன்றைக்கு யாராவது லிங்க்ட்இன்-ல் இத்தனை மொழிகளைப் போட்டால் நம்ப மாட்டோம்!

இந்த உபதேசியார்களை விட்டுவிட்டுக் கதை சொன்னால் அது பாதிக் கதை. கிராமத்துக்குள் போய் வீடுவீடாகப் பேசியது, சண்டைச் சச்சரவைத் தீர்த்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லித் தாய்மார்களிடம் கெஞ்சியது பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களில் ஒருவரான சத்தியநாதனை 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரில் போதகராகவே அபிஷேகம் செய்தார்கள். அவர் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது.

ஹைதரிடம் போன பாதிரியார்

1778-ல் திருச்சி வேலையைப் போலே என்ற சக போதகரிடம் விட்டுவிட்டு சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு மாறினார். மராட்டிய மன்னர் துளஜாஜிக்கு அவர் மேல் மரியாதை. அடுத்த வருஷமே சென்னை கவர்னர் ரம்போல்டு அவரைக் கூப்பிட்டு ஒரு ரகசிய வேலை கொடுத்தார்: மைசூர் போய் ஹைதர் அலியைச் சந்தித்து, கம்பெனிக்குச் சண்டை போடும் எண்ணம் இல்லை என்று சொல்ல வேண்டும். ஏன் ஒரு பாதிரியார்? மொழி தெரியும், காசு வாங்க மாட்டார், ஹைதரும் நம்புவார்.

போன இடம் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரியின் இன்னொரு ரங்கநாதர் தீவு. அங்கே அவர் கண்ணில் பட்ட விஷயம்தான் சுவாரஸ்யம். அநாதைப் பையன்களை ஹைதர் சேர்த்து, சோறும் துணியும் கொடுத்து, கையில் சின்ன மரத் துப்பாக்கிகளைத் தந்து அணிவகுப்புப் பழக்கிக்கொண்டிருந்தார். எந்த அநாதையையும் அவர் கைவிடுவதில்லை என்பது சுவார்ட்ஸுக்குப் பிடித்துப்போனது. நம் ஆட்சியாளர்களும் இதைச் செய்தால் என்ன என்று தன் குறிப்பில் எழுதிவைத்தார். மரத் துப்பாக்கி பின்னால் நிஜத் துப்பாக்கியாக மாறும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குச் சோறு கிடைக்கிறதா என்பதுதான் அவர் கண்ணுக்கு முதலில் தெரிந்தது.

வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் பார்த்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சாவூர்ப் பிள்ளைகளின் பள்ளி நிதியில் சேர்த்துவிட்டார். தூது மட்டும் பலிக்கவில்லை. அவர் சமாதானம் பேசப் போனது உண்மை. அனுப்பியவர்களுக்குச் சமாதானம் அவ்வளவு முக்கியமில்லை என்பதும் உண்மை. 1780-ல் ஹைதர் படை எடுத்து வந்தார். ஆனாலும் அந்தப் பாதிரியாரை யாரும் தொடக்கூடாது என்று தன் ஆட்களுக்கு அவர் உத்தரவு போட்டிருந்தார்.

அடுத்து வந்தது பஞ்சம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. வயலில் நெல் இருந்தும் விவசாயிகள் கொண்டுவரவில்லை, ஏனென்றால் முன்பு கொண்டுவந்ததற்குக் காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசரின் வாக்கும் எடுபடவில்லை, கம்பெனியின் வாக்கும் எடுபடவில்லை. கடைசியில் சுவார்ட்ஸைக் கேட்டார்கள். காசுக்கு நான் பொறுப்பு என்று அவர் சொல்லி அனுப்ப, மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் உள்ளே வந்தது. வாக்குக் கொடுத்தபடி பணத்தைப் பட்டுவாடா செய்தார். அவரே விலை மலிவான நாளில் வாங்கிச் சேமித்த அரிசியும் ஏழைகளுக்குப் போனது.

மூன்று பையன்கள்

சுவார்ட்ஸ் தன் கையால் வளர்த்த பிள்ளைகள் பலர். அவர்களில் மூன்று பேரின் வாழ்க்கை மூன்று விதமாகப் போனது.

முதல் பையன் ஜான் காஸ்பர் கோலாஃப். தரங்கம்பாடி போதகர் ஒருவரின் மகன். சிறு வயதிலிருந்தே சுவார்ட்ஸிடம் மகன் மாதிரி வளர்ந்து, 1787-ல் போதகராகி, 1844 வரை தஞ்சாவூரிலேயே வாழ்ந்து முடித்தார்.

இரண்டாவது, வேதநாயகம். பாளையங்கோட்டைப் பையன். அந்த ஊருக்கு சுவார்ட்ஸ் போகக் காரணம் கிளாரிந்தா என்கிற மராட்டிய பிராமண விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர் என்பதால் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த சுவார்ட்ஸ், அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். கிளாரிந்தா அங்கே கட்டிய கோயில் 1785-ல் எழுந்தது. ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொன்னார்கள். அந்த வருஷம் அங்கு போன சுவார்ட்ஸ், சுறுசுறுப்பாக இருந்த வேதநாயகத்தைத் தந்தையின் சம்மதத்தோடு தஞ்சாவூருக்குக் கூட்டிவந்தார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவர்தான்.

மூன்றாவது, சரபோஜி. 1787-ல் சாகும் தறுவாயில் துளஜாஜி பத்து வயதுகூட நிரம்பாத இந்தப் பையனைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸ்தான் பாதுகாவலராக இருக்க வேண்டும் என்று கேட்டார். தனியாக அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது என்று மறுத்த சுவார்ட்ஸ், மன்னரின் தம்பி அமர்சிங் ஆட்சியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இது தவறான யோசனை என்று சீக்கிரமே தெரிந்தது. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கம்பெனியும் ஒப்புக்கொள்ள, அமர்சிங்கே மன்னராகிவிட்டார். சரபோஜி அரண்மனைக்குள் கிட்டத்தட்ட சிறைப்பட்டார். சரியான படிப்பு இல்லை, வெளிச்சம்கூட இல்லை. சுவார்ட்ஸ் மனு மேல் மனு போட்டு, 1793-ல் பையனைச் சென்னைக்கு அனுப்ப வைத்தார். அங்கே கெரிக்கே என்ற ஜெர்மன் போதகர் பொறுப்பேற்றுப் படிக்க வைத்தார். தத்து செல்லும் என்ற வாதத்தையும் சுவார்ட்ஸ் கம்பெனியிடம் விடாமல் எடுத்துச் சென்றார்.

அப்படியானால் இவர் நல்லவரா, கம்பெனியின் ஆளா? இரண்டும்தான் என்று சொல்வது தப்பித்துக்கொள்வதாகத் தோன்றலாம், ஆனால் ஆவணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. 1798-ல் சரபோஜி அரியணை ஏறினார். மறுவருஷமே ஓர் ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போய்விட்டது. சுவார்ட்ஸ் காப்பாற்றிய பையனுக்குக் கிரீடம் கிடைத்தது, ராஜ்ஜியம் கிடைக்கவில்லை.

யாருக்கு எந்தப் பள்ளி?

1780-களின் நடுவில் தஞ்சாவூர் ரெசிடென்ட் ஜான் சல்லிவனும் சுவார்ட்ஸும் சேர்ந்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 பகோடா தர கம்பெனி ஒப்புக்கொண்டது. இந்தியப் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்குக் கம்பெனி காசு கொடுத்த மிக ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. மெக்காலேவின் குறிப்பு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு! கலாமின் பள்ளி இந்த மரபில் வந்ததுதான்.

ஆனால் அந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் பிராமண, வணிகக் குடும்பத்துப் பையன்கள். ஆங்கிலம், தமிழ், இந்துஸ்தானி, கணக்கு. படித்தவர்களுக்கு அரசு அலுவலகங்களில் வேலை. இன்னொரு பக்கம், ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பள்ளி. அங்கே வாசிப்பு, எழுத்து, வேதபாடம். திருச்சிக் கோட்டையில் அநாதைகளோடு தொடங்கிய வேலை, வளர வளர இரண்டு பாதையாகப் பிரிந்தது.

சாதி விஷயத்தில் இன்னும் சங்கடம். தஞ்சாவூர்க் கோயிலில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணம்கூட முதலில் மேல்சாதிக்குத்தான் போனது. சுவார்ட்ஸ் இதை ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் உடைக்கவும் இல்லை. காலப்போக்கில் மாறும் என்று விட்டுவைத்தார். அது தானாக மாறவில்லை. அவர் இறந்து 35 வருஷம் கழித்து, 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூர்ச் சபையே பிளந்தது. பழைய முறைக்காகக் கடுமையாக வாதாடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சுவார்ட்ஸ் கூட்டிவந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியார். எந்தப் பிள்ளையும் தெருவில் நிற்கக் கூடாது என்று நினைத்த மனிதர், உள்ளே வந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பதில் தலையிடவில்லை. அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்லில் நிற்பவர்கள்

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இறந்தார். வயது 71. சேர்த்துவைத்திருந்த பணம் மிஷனுக்குப் போனது. சரபோஜி வந்து சேரும்வரை அடக்கம் காத்திருந்தது. வந்தவர் அழுதார், உடல்மேல் பொன்சரிகைத் துணி போர்த்தினார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு கவிதையும் அவரே எழுதினார். கடைசிவரை சரபோஜி மதம் மாறவில்லை. சுவார்ட்ஸின் செல்வாக்கு வேறு வழிகளில் வெளிப்பட்டது. சரஸ்வதி மகால் நூலகம், ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்துப் பள்ளி, ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான உதவி என்று அந்தப் பட்டியல் நீளும்.

திருச்சிக் கோட்டைக் கோயிலும் பின்னால் ஒரு விசித்திரமான நாளுக்குச் சாட்சியானது. தஞ்சாவூரில் சரபோஜியைச் சந்தித்துவிட்டுத் திருச்சி வந்த பிஷப் ஹீபர், 1826 ஏப்ரல் 3 அதிகாலையில் அங்கே தமிழ்ச் சபையாரைத் திடப்படுத்தும் ஆராதனையை நடத்தினார். முடித்துவிட்டுக் கன்டோன்மென்ட் போய்க் குளிக்க இறங்கியவர் தண்ணீரிலேயே இறந்துபோனார். திருச்சியில் இன்று கல்லூரிக்கும் பள்ளிக்கும் நிலைத்திருப்பது, அந்த ஊரில் சில நாள் மட்டும் இருந்த ஹீபரின் பெயர்தான்!

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு, பக்கத்து சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் கோயிலுக்குள்ளும் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம். சரபோஜி லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக்கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார். மன்னர் அவர் கையைப் பிடித்திருக்கிறார். பின்னால் கெரிக்கே. கட்டிலருகே மூன்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் நிற்கிறார்கள். அவர்கள் யாரென்று பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை.